உட்காரக் கூடாத பன்னிரண்டு இருக்கைகள்

ருமேனியாவின் ஒரு சிறு நகரப் பூங்காவில், போரில் இறந்தவர்களின் நினைவாக ஒரு மாபெரும் சிற்பி கல்லில் இருக்கைகள் செதுக்கி வைத்தார். இன்று அவற்றில் உட்கார யாருக்கும் அனுமதி இல்லை.

ஜியூ நதிக்கரையை ஒட்டிப் பூங்காவுக்குள் வருபவரின் கண்ணில் முதலில் படுவது ஒரு மேஜை. கனத்த கல் மேஜை. அதைச் சுற்றி வட்டமாகப் பன்னிரண்டு கல் இருக்கைகள். பார்த்த உடனே உட்காரத் தோன்றும் இடம். மர நிழல் இருக்கிறது, நதியிலிருந்து காற்று வருகிறது, நடந்து வந்த கால்கள் வலிக்கின்றன. ஆனால் உட்காரப் போனால் காவலர் வந்து தடுத்துவிடுவார். பார்க்கலாம், படம் எடுக்கலாம், சுற்றி வரலாம். உட்கார மட்டும் கூடாது.

இருக்கை என்று சொல்லிச் செய்யப்பட்ட ஒரு பொருளில் உட்காரத் தடை என்பது முதல் முறை வருபவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். தர்கு ஜியூ நகரத்துக்கு அது வேடிக்கை அல்ல. அந்தப் பன்னிரண்டு இருக்கைகளும் நகரத்தின் துக்கம், பெருமை, பிழைப்பு மூன்றையும் தாங்கி நிற்கின்றன.

தலைநகர் புகாரெஸ்ட்டிலிருந்து மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், கார்பேத்திய மலைகளின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது தர்கு ஜியூ. கோர்ஜ் மாவட்டத்தின் தலைநகரம். மக்கள்தொகை எழுபதாயிரத்தைச் சற்றே தாண்டும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல் மின் நிலையங்களும் சூழ்ந்த பகுதி. பெரிய அரண்மனையோ, புகழ்பெற்ற கோட்டையோ இங்கு கிடையாது. இருந்தும் உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காரணம் ஒரே ஒருவர்: கான்ஸ்டன்டின் பிரங்குஷி. இருபதாம் நூற்றாண்டின் சிற்பக் கலையைத் திசை திருப்பியவர்களில் ஒருவர்.

பூங்காவில் உள்ள ‘மௌன மேஜை’யிலிருந்து ஒரு நடைபாதை கிளம்புகிறது. அதன் இருபுறமும் மூன்று மூன்றாக முப்பது கல் இருக்கைகள். இவற்றின் மேற்பரப்பு சதுரம், இடுப்பு ஒடுங்கி மணற்கடிகாரம் போன்ற வடிவம். பாதையின் முடிவில், பூங்காவின் வாசலில், ‘முத்த வாயில்’. ஐந்து மீட்டருக்குச் சற்று அதிக உயரம் கொண்ட கல் வாயில் இது. தூண்களில் உள்ள வட்டங்கள் நடுவே பிளந்து, நெருங்கிய இரு முகங்களின் கண்கள் போலத் தெரிகின்றன. வாயிலின் இரு பக்கத்திலும் கல் பெஞ்சுகள் உண்டு. வாயிலைக் கடந்தால் ‘வீரர்கள் சாலை’ தொடங்குகிறது. நகரத்தின் நடுவே, ஒரு தேவாலயத்தைத் தாண்டி, நேராகக் கிழக்கே போகும் அந்தச் சாலையின் மறுமுனையில் ‘முடிவற்ற தூண்’ நிற்கிறது. 29 மீட்டருக்கு மேல் உயரம். நதியிலிருந்து தூண் வரை ஒன்றே கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மேஜை, இருக்கைகள், வாயில், தூண் எல்லாம் சேர்ந்து ஒரே நினைவுச் சின்னம்.

யாருக்கான நினைவு? அதற்கு 1916ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். முதல் உலகப் போரில் ருமேனியா நேச நாடுகளின் பக்கம் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மலைக் கணவாய் வழியாக இறங்கிய ஜெர்மானியத் தரப்பின் பவேரியப் படை அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று ஜியூ பாலத்தை நோக்கி வந்தது. ராணுவம் வேறிடத்தில் இருந்தது. பாலத்தில் நின்று எதிர்த்தவர்கள் போலீஸ்காரர்கள், ஊர்க்காவல் கிழவர்கள், பெண்கள், சாரணச் சிறுவர்கள். அன்று நகரம் தப்பியது. அடுத்த மாதமே படை மீண்டும் வந்து நகரத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் பாலத்துச் சண்டையை நகரம் மறக்கவில்லை. அதில் பங்கெடுத்த உள்ளூர்ப் பெண் எக்கத்தெரினா தெயோதொரோயு பின்னர் ராணுவத்திலேயே சேர்ந்து, 1917இல் போர்முனையில் இறந்தபோது அவருக்கு வயது 23.

நினைவுச் சின்னம் வேண்டும் என்று கிளம்பியவர்களும் பெண்கள்தான். கோர்ஜ் மாவட்டப் பெண்கள் சங்கத்தின் தலைவியாக இருந்தவர் அன்றைய பிரதமரின் மனைவி அரேத்தியா ததரெஸ்கு. எக்கத்தெரினாவின் கல்லறையை வடித்த பெண் சிற்பி மிலிட்சா பெட்ராஷ்குவிடம் அவர் முதலில் பேசினார். மிலிட்சாவோ, ‘என் குருவைக் கேளுங்கள்’ என்ற பாணியில் பாரீஸில் இருந்த பிரங்குஷியைக் கைகாட்டினார். குரு உடனே சம்மதித்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மறுத்ததற்குக் காரணம் இருந்தது. 1876இல் பிரங்குஷி பிறந்த ஹோபிட்சா கிராமம் தர்கு ஜியூவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். மரவேலைக்குப் பேர்போன பகுதி. வீட்டு வாசல், தூண், கரண்டி, தொட்டில் எதுவானாலும் உள்ளூர்த் தச்சர் கை படாமல் இராது. ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய், கிரயோவாவில் கைவினைப் பள்ளியிலும் புகாரெஸ்ட்டில் கலைப் பள்ளியிலும் படித்து, பெரும்பாலும் நடந்தே 1904இல் பாரீஸ் போய்ச் சேர்ந்தார். ரோடினிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு விலகினார். பிறகு ‘முத்தம்’, ‘உறங்கும் கலைமகள்’, ‘வெளியில் பறவை’ என்று அவர் செய்தவை கலை உலகத்தைப் புரட்டிப் போட்டன.

புகழ் வந்த பிறகும் அவர் தன் மேஜை நாற்காலிகளைத் தானே செய்துகொண்டார். பாரீஸ் ஸ்டூடியோவில் வட்டமான கனத்த மேஜை, செதுக்கிய மர இருக்கைகள், தானே கட்டிய அடுப்பு. வருகிற ஓவியரும் கவிஞரும் சீமாட்டிகளும் அந்த இருக்கைகளில் உட்கார்ந்துதான் அவர் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். சிற்பத்தின் பீடம் எது, ஸ்டூல் எது என்று அங்கே பிரித்துச் சொல்வது கடினம். உட்காருவதற்கான பொருள் என்றால் மட்டம், கண்காட்சியில் வைப்பது என்றால் உசத்தி என்கிற பாகுபாடு அவரிடம் இருக்கவில்லை. தர்கு ஜியூவின் இருக்கைகள் அந்த மனதிலிருந்து வந்தவை.

முதலில் திட்டமிட்டது தூண் ஒன்றைத்தான். வார்ப்பிரும்பில் பதினைந்து முழு அலகுகள், அடியிலும் உச்சியிலும் அரை அலகு. உள்ளே எஃகு முதுகெலும்பு, மேலே பித்தளைப் பூச்சு. பொறியாளர் ஸ்தெஃபான் ஜார்ஜெஸ்கு-கோர்ஜானின் மேற்பார்வையில் பெத்ரோஷான் பட்டறையில் வார்த்து, 1937 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் சிற்பிக்கு நதிக்கரைப் பூங்காவும் மனதில் விழுந்துவிட்டது. வாயில், மேஜை, இருக்கைகள் என்று திட்டம் வளர்ந்தது. ஆனால் அவற்றை முடிக்கும் முன் பிரங்குஷி ஒரு நீண்ட பயணம் போனார். இந்தியாவுக்கு.

இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் அவருடைய ‘வெளியில் பறவை’ சிற்பங்கள் மூன்றை வாங்கியிருந்தார். ஒன்று வெண்கலம், ஒன்று வெள்ளைப் பளிங்கு, ஒன்று கறுப்புப் பளிங்கு. மூன்று பறவைகளையும் வைக்க ஒரு தியான ஆலயம் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஜன்னல் இல்லாத கட்டடம், உள்ளே ஒரு நீர்த் தடாகம், பறவைகளின் நிழல் தண்ணீரில் விழ வேண்டும். நிலத்தடி வழியாக, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழையலாம். அந்தக் கனவோடு 1938இன் தொடக்கத்தில் சிற்பி இந்தூருக்கு வந்து இறங்கினார். காத்திருந்தார். வேலை நகரவில்லை. சில வாரங்களில் திரும்பிப் போனார். ஆலயம் கடைசி வரை எழவே இல்லை. பளிங்குப் பறவைகள் இரண்டும் பிற்பாடு ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கும், வெண்கலப் பறவை அமெரிக்காவின் பாசடேனாவுக்கும் போய்ச் சேர்ந்தன. மத்தியப் பிரதேசத்தில் நின்றிருக்க வேண்டிய ஒன்று காகிதத்தோடு முடிந்துபோனது.

ஒரே ஒருவர் நுழையும் அரச ஆலயம் கைகூடாத அதே ஆண்டில், டிக்கெட் இல்லாமல் யாரும் நுழையக்கூடிய நகரப் பூங்காவில் அவர் வேலையை முடித்தார். 1938 அக்டோபர் 27 அன்று, பாலத்துச் சண்டை நடந்து சரியாக 22 ஆண்டுகள் கழித்து, நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது.

மௌன மேஜையை நிதானமாகப் பார்த்தால்தான் அதன் விஷயம் பிடிபடும். மேல் வட்டத்தின் குறுக்களவு 2.15 மீட்டர். ஒவ்வொரு இருக்கையும் இரண்டு அரைக்கோளங்கள், முதுகோடு முதுகு ஒட்டியவை. உயரம் 55 சென்டிமீட்டர். சாதாரண நாற்காலியை விடக் கொஞ்சம் உயரம். சாய முதுகு இல்லை, கை வைக்க இடம் இல்லை. முக்கியமான விஷயம், இருக்கைகள் மேஜையை விட்டுத் தள்ளி இருக்கின்றன. உட்கார்ந்தால் மேஜை கைக்கு எட்டாது. அதில் தட்டு வைத்துச் சாப்பிட முடியாது. எதிரில் இருப்பவரோடு தாழ்ந்த குரலில் பேசவும் முடியாது. தச்சுப் பாரம்பரியத்தில் வளர்ந்த, தன் விருந்தாளிகளுக்குத் தானே மேஜை போட்ட மனிதருக்கு அளவு தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தள்ளி வைத்திருக்கிறார்.

கோர்ஜ் கிராம வீடுகளில் தாழ்வான வட்ட மேஜையும் சுற்றிலும் சிறு ஸ்டூல்களும்தான் சாப்பாட்டு இடம். அந்த மேஜையில் காலியாகக் கிடக்கும் ஸ்டூல் என்றால் வீட்டில் ஒருவர் குறைகிறார் என்று அர்த்தம். போருக்குப் போகும் முன் வீரர்கள் ஒன்றாக உண்ட கடைசிச் சாப்பாடு என்று மேஜைக்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. பன்னிரண்டு சீடர்கள் என்பார்கள், பன்னிரண்டு மாதங்கள் என்பார்கள். மணற்கடிகார வடிவம் கழிந்துபோகும் காலம் என்பார்கள். எந்த விளக்கத்தை ஏற்றாலும் மேஜை காலி என்பது மாறாது. வர வேண்டியவர்கள் வரவில்லை.

திறந்து பத்து ஆண்டுகளுக்குள் ஆட்சி மாறியது. கம்யூனிஸ்ட் அரசுக்கு இந்தக் கலை பிடிக்கவில்லை. 1951இல் ருமேனிய அகாதமி பிரங்குஷியின் கலையை ஒதுக்கித் தள்ளியது. பாரீஸ் ஸ்டூடியோவில் இருந்த படைப்புகளைத் தாய்நாட்டுக்குத் தர அவர் காட்டிய விருப்பம் வீணானது. 1952இல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார், ஸ்டூடியோவைப் பிரான்சுக்கே எழுதி வைத்தார், 1957இல் பாரீஸில் இறந்தார். தர்கு ஜியூவில் அந்த ஐம்பதுகளில் முடிவற்ற தூணைப் பழைய இரும்பாக்க நினைத்து, டிராக்டர் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். தூண் அசையவில்லை. அறுபதுகளில் காற்று திசை மாறியதும், இழுத்துப் பார்த்த அரசே அவரைத் தேசியப் பெருமை என்று கொண்டாடத் தொடங்கியது.

மேஜையையும் இருக்கைகளையும் அந்தக் காலத்தில் யாரும் இழுக்கவில்லை. வெறும் பூங்கா பெஞ்சுகள் போலத் தெரிந்ததே அவற்றுக்குப் பாதுகாப்பானது. நகரத்து மக்கள் நீண்ட காலம் அவற்றைப் பூங்காவின் இருக்கைகளாகவே பயன்படுத்தினார்கள். பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், குழந்தைகள் ஏறிக் குதித்தார்கள். நினைவுச் சின்னம் என்ற எண்ணம் கொஞ்சம் மறந்திருக்கலாம். ஆனால் பயன்பாடு தொடர்ந்தது.

பிரச்சினை கல்லிலிருந்து வந்தது. வாயிலும் மேஜையும் இருக்கைகளும் பன்போதோக் என்ற இடத்துச் சுண்ணாம்புக் கல். பார்க்க இதமான வெளிர் நிறம், தொட்டால் கதகதப்பு. ஆனால் துளைகள் நிறைந்த கல். மழை நீர் உள்ளே இறங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிந்து கல்லை உள்ளிருந்தே நெம்பும். பக்கத்தில் நதி இருப்பதால் ஈரம் நீங்குவதில்லை, பாசி பிடிக்கிறது. இதோடு பல்லாயிரம் பேரின் உரசலும் சேர்ந்தால் விளிம்புகள் மழுங்கிவிடும். இரும்புத் தூணின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 1996இல் உலக நினைவுச் சின்னங்கள் நிதியம் தன் அபாயப் பட்டியலில் இந்த இடத்தைச் சேர்த்தது. தூணைக் கழற்றித் துருவைச் சரிசெய்து 2000இல் மீண்டும் முழுமையாக நிறுத்தினார்கள். பூங்காவும் சீரமைக்கப்பட்டது. காவலும் கண்டிப்பும் கூடின.

பிறகு இந்தியா மறுபடியும் இந்தக் கதைக்குள் வந்தது. 2024 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 46வது கூட்டம் புதுடெல்லியில் நடந்தது. அசாமின் மொய்தம் கல்லறை மேடுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே கூட்டத்தில்தான் தர்கு ஜியூவின் பிரங்குஷி சிற்பத் தொகுதியும் இடம்பெற்றது. இந்தூரில் வெறுங்கையோடு திரும்பிய சிற்பிக்கு 86 ஆண்டுகள் கழித்து டெல்லியில் ஓர் அங்கீகாரம்.

உலகப் பட்டியலில் ஏறிய பொருளைக் காப்பது ஒரு கடமை. அதனால் உட்காரத் தடை நியாயம்தான் என்று வாதிடலாம். இன்னொரு காரணமும் சொல்லலாம். அந்தப் பன்னிரண்டு இருக்கைகள் இல்லாதவர்களுக்கானவை. அங்கே ஒருவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டால், காலி இடம் நிறைந்துவிடும், துக்கம் கலைந்துவிடும். மேஜையைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தவர் விரும்பியதும் இதுவாக இருக்கலாம்.

மறுபக்கம் இருக்கும் நியாயமும் லேசானதல்ல. இறந்தவர்களுக்கு வானளாவ ஒரு தூணை ஏற்கெனவே கொடுத்துவிட்ட சிற்பி, இருக்கைகளை எதற்குச் செய்தார்? குதிரை மேல் தளபதி, கையில் வாளோடு வீரன் என்று சதுக்கம்தோறும் வெண்கலச் சிலைகள் எழுந்த காலம் அது. அந்த வழியை விட்டு, யார் வேண்டுமானாலும் உடம்பால் தொடக்கூடிய பொருள்களை அவர் தேர்ந்தெடுத்தார். வாயில் என்றால் நுழைவதற்கு, பாதை என்றால் நடப்பதற்கு, இருக்கை என்றால் சற்று நேரம் அமர்வதற்கு. பாலத்தில் நின்றவர்களும் சிலை வைக்கப்படும் தளபதிகள் அல்ல, தெருவில் போகிற சாதாரண ஜனங்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் நதிக்கரைக்கு வந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்வதை விடப் பெரிய அஞ்சலி என்ன இருக்க முடியும்? நுழையாத வாயிலும் உட்காராத இருக்கையும் மெல்ல மெல்லக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளாகிவிடும்.

இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் வாழ்கிறது இந்த நகரம். நிலக்கரித் தொழில் சுருங்கி வரும் காலத்தில், சுற்றுலாவின் மேல்தான் நம்பிக்கை வைக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் வந்தால் கல் தேயும். கல்லைக் காக்கக் கயிறு கட்டினால் வருபவர் மனம் ஒட்டாது. வாயில் மட்டும் இன்னமும் தன் வேலையைச் செய்கிறது. புதுமணத் தம்பதிகள் அதன் அடியில் கைகோர்த்து நடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஓடிக் கடக்கிறார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் நதிப் பக்கமிருந்து நடையைத் தொடங்குவது நல்லது. சிற்பி அமைத்த வரிசை அதுதான்: முதலில் மேஜை, பிறகு இருக்கைகளின் பாதை, வாயில், நீண்ட சாலை, கடைசியில் தூண். கார் பிடித்து நேரே தூணுக்குப் போய்ப் படம் எடுத்துத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். வீரர்கள் சாலையின் நடுவே கட்டடங்களும் கடைகளும் மறைப்பதால் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது. நடந்துதான் இரண்டையும் மனதில் சேர்க்க வேண்டும். அவசரமில்லாமல் நடந்தால் அரை மணி நேரம்.

கிளம்பும் முன் மேஜையருகே கொஞ்ச நேரம் நிற்கலாம். பூங்காவில் உட்காருவதற்குச் சாதாரண பெஞ்சுகள் இருக்கின்றன, அங்கிருந்தும் பார்க்கலாம். மாலையில் மரங்களின் நிழல் ஒவ்வொரு இருக்கையாக ஏறி இறங்குகிறது. நதி பக்கத்திலேயே ஓடுகிறது, 1916இல் அந்த மக்கள் காத்து நின்ற அதே நதி. ஒரு குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி, கல் இருக்கை ஒன்றில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி ஏறப் பார்க்கும். அம்மா ஓடி வந்து தூக்கிக்கொள்வாள். சட்டம் காப்பாற்றப்பட்டுவிடும். ஆனால் அந்தக் கல் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.